துலக்கிய கர்ணன்

பந்துலுவின் ‘கர்ணன்’ (1964) டிஜிட்டலில் துலக்கப்பட்டு 2012-ல் திரும்ப வந்தபோது ரசிகர்கள் தியேட்டர்களில் கொண்டாடினார்கள். அது கும்பாபிஷேக மனோபாவம்: கோபுரத்துக்குப் புது வர்ணம், உள்ளே அதே மூர்த்தி. விஸ்வநாதன் – ராமமூர்த்தி எந்த மெட்டைக் கழித்து எதைக் கொண்டார்கள் என்று கேட்ட ஒருவரையும் நான் சந்திக்கவில்லை.

பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ (1966) இசைத்தட்டு 2022-ல் மறுபடி வந்தபோது ஒத்திகைப் பதிவுகளும் கூடவே வந்தன. ‘யெல்லோ சப்மரீன்’ குழந்தைப் பாட்டாயிற்றே. லென்னன் வீட்டில் பாடிப் பதிந்த ஆரம்ப வடிவத்தில் அது சோகம். குதூகலம் தானாக வந்ததல்ல, தேர்ந்துகொண்டது என்பது அப்போதுதான் ரசிகர்களுக்குப் புலப்பட்டது.

இதனால் பாட்டின் மகிமை குறைவதில்லை. சிவகாசியில் திரி வைக்கிற கையை அறிந்தவர்களும் வாணத்தை அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். நாம் துலக்கக் கற்றுக்கொண்டோம். கழித்ததைச் சேமிக்கக் கற்கவில்லை. அதுவரை நம் இசை விமர்சனம் பெரும்பாலும் அர்ச்சனைதான்.