பதவியும் செயலும்: கேப்ஸ்டோன் மின்னஞ்சல் வகைப்பாட்டு முறை – ஒரு மதிப்பீடு

முன்னுரை

மின்னாவண வகைப்பாடு இரு வினாக்களுக்கு விடை தர வேண்டும். ஓர் ஆவணத்தை எவ்வளவு காலம் காக்க வேண்டும் என்பது ஒன்று; அது எச்செயலுக்குச் சான்று என்பது மற்றொன்று. அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகம் 2013இல் அறிமுகப்படுத்திய ‘கேப்ஸ்டோன்’ முறை முதல் வினாவிற்கே விடை தருகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

சூழலின் இன்றியமையாமை

வெள்ளை மாளிகை மின்னஞ்சல்கள் குறித்த ஆம்ஸ்ட்ராங் வழக்கில், அச்சுப்படி மின்பதிவுக்கு ஈடாகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. பெறுநர் யாவர், எப்போது பெற்றனர் என்னும் விவரங்கள் அச்சுப்படியில் விடுபடக்கூடும் என்பதே அதன் அடிப்படை. செய்தியைப் போலவே அதன் சூழலும் ஆவணத்தின் பகுதி என்பது இதனால் பெறப்படும். 2001இல் வெளிவந்து 2016இல் திருத்தப்பெற்ற ஐ.எஸ்.ஓ. 15489 தரநிலையும் ஆவணங்களை நிறுவனத்தின் பணிகளோடும் செயற்பாடுகளோடும் இணைத்தே வகைப்படுத்துகிறது.

கேப்ஸ்டோன் முறையின் நிறைகுறைகள்

ஒவ்வோர் அஞ்சலையும் படித்து உரிய கோப்பில் சேர்ப்பது அலுவலர்க்கு இயலாத சுமையாயிற்று. கேப்ஸ்டோன் முறை அஞ்சலை விடுத்துக் கணக்கை வகைப்படுத்துகிறது. உயரலுவலர், அவர்தம் துணைநிலையினர் முதலானோரின் கணக்குகள் நிரந்தரமாகக் காக்கப்படும். ஏனையோரின் அஞ்சல்களுக்குப் பொது அட்டவணை 7 ஆண்டுகளையும், உதவிப் பணியாளர் அஞ்சல்களுக்கு 3 ஆண்டுகளையும் வரையறுக்கிறது. தனியொருவரின் கவனக்குறைவால் முதன்மை ஆவணம் அழிவது இதனால் குறைகிறது. இதன் பயனை மறுத்தற்கில்லை.

ஆயினும், பதவி செயலுக்கு அண்மைக் குறியீடே அன்றிச் செயலாகாது. ஒரு முடிவின் வரைவும் மறுப்பும் கீழ்நிலை அலுவலரிடையே நிகழ்ந்திருப்பின், தனிக் கோப்பில் சேர்க்கப்படாதவை காலக்கெடு முடிந்ததும் அழியலாம். உயரலுவலரின் ஒற்றை வரி ஒப்புதல் மட்டும் எஞ்சும். முடிவு கிடைக்கும், அதற்கான காரணம் கிடைக்காது. நிரந்தரக் கணக்கிலும் விருந்து அழைப்பும் கொள்கை விவாதமும் ஒரே வரிசையில் கிடக்கும். சொல்தேடலோ, தேடுபவர் முன்னரே அறிந்த சொல்லையே கண்டுதரும்.

முடிவுரை

காப்புக்காலத்தைக் கணக்கின்வழி வரையறுப்பது ஏற்கத்தக்கது. அதனோடு, அஞ்சல் உருவாகும்போதே அதற்குரிய பணிக்குறியீடோ கோப்பு எண்ணோ மீதரவில் பதியப்படுதல் வேண்டும். அதுவன்றேல், காக்கப்பட்டவை திரளாக நிற்குமேயன்றிச் சான்றாக நில்லா.