எலும்புகளின் சாட்சியமும் விஞ்ஞானிகளின் சங்கமும்

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கழிவிலிருந்து எரிவாயு பெறும் அமைப்பொன்றைக் கட்டுவதற்காக மண்ணைத் தோண்டிய தொழிலாளரின் மண்வெட்டிகளில் மனித எலும்புகள் தட்டுப்பட்டன. தோண்டத் தோண்டத் தொகை பெருகிற்று. 2013ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அகழ்வு நிறைவுற்றபோது, 150க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் வெளிவந்திருந்தன.

இவர்கள் யார்? 1940களில் பரவிய கொள்ளைநோயில் மாண்டவர்கள் என்றனர் சிலர். மண்சரிவில் புதையுண்டவர்கள் என்றனர் வேறு சிலர். ஊரார் மனத்தில் எழுந்த விடையோ வேறு. 1987க்கும் 1989க்கும் இடையில் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி நசுக்கப்பட்ட நாட்களில் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டுத் திரும்பாத பிள்ளைகளை அவர்கள் மறந்துவிடவில்லை. சட்ட வைத்திய அதிகாரி அஜித் ஜயசேனவும் தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் இக்கேள்வியை நீதிமன்றத்தின் பணிப்பின் பேரில் ஆராய்ந்தனர். எலும்புகளோடு கிடைத்த பொருள்களையும் புதையிடத்தின் தன்மையையும் கொண்டு, இப்புதைகுழி 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலத்தது என்று சோமதேவ அறிக்கை அளித்தார்.

வேறொரு நாட்டில், வேறொரு வேளையில், இது ஒரு தொல்லியல் முடிவாக மட்டும் இருந்திருக்கும். மாத்தளையில் அப்படி இருக்க முடியவில்லை. 1989இல் அம்மாவட்டத்தின் இராணுவ இணைப்பதிகாரியாக இருந்தவர் கோட்டாபய ராஜபக்ஷ. அறிக்கை வெளிவந்த 2013இல் அவரே பாதுகாப்புச் செயலாளர். அவருடைய தமையனார் நாட்டின் ஜனாதிபதி. ஒரு பேராசிரியர் மண்ணடுக்கைப் பார்த்து எழுதிய ஆண்டுக் கணக்கு நேரே அதிகாரபீடத்தின் வாசலில் போய் நின்றது. அவர் அந்த வாசலைத் தேடிப் போகவில்லை. மண் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

அதே ஆண்டில் ஜனாதிபதி ஒரு விசாரணை ஆணைக்குழுவை நியமித்தார். எலும்பு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டன. காபன்-14 பரிசோதனையின் முடிவைக் கொண்டு, இவை 1950க்கு முற்பட்டவை என்று ஆணைக்குழு கூறிற்று. வழக்கு அடங்கிற்று.

எலும்புகளின் வயதைத் தீர்மானிக்க நாம் இங்கு முற்படவில்லை. அதற்கான தகுதி நமக்கில்லை. காபன்-14 பரிசோதனையை ஏளனம் செய்வதும் நமது நோக்கமன்று. உண்மையில் இத்தகைய வழக்கில் அதற்குத் தனி வலிமை உண்டு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளால் காற்றிலுள்ள காபன்-14 ஏறத்தாழ இருமடங்காயிற்று. 1963ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் அது படிப்படியாகக் குறைந்து வந்துள்ளது. ஆகவே 1970ஐ ஒட்டிப் பிறந்து 1989இல் கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் எலும்பில் அந்தத் தடம் அழுத்தமாகப் பதிந்திருக்கும். 1940களில் மாண்டவரின் எலும்பில் அது இராது. குண்டு செய்தவர்கள் தம்மை அறியாமலே இறந்தோருக்கு ஒரு நாட்காட்டியை விட்டுச் சென்றிருக்கிறார்கள்!

பரிசோதனை கூர்மையானது என்பதனாலேயே கேள்விகளும் கூர்மையாக வேண்டும். எத்தனை எலும்புகள் அனுப்பப்பட்டன? அவற்றைத் தெரிவுசெய்தவர் யார்? குழியிலிருந்து ஆய்வுகூடம் வரை அவை யார் கையில், எந்த முத்திரையின் கீழ் இருந்தன? குழியில் கிடைத்த பொருள்கள் ஒரு காலத்தையும் எலும்புகள் இன்னொரு காலத்தையும் காட்டுமாயின், அந்த முரண்பாட்டுக்கு விளக்கம் யாது? இவை அரசியல்வாதி கேட்கும் கேள்விகள் அல்ல. முதலாண்டு விஞ்ஞான மாணவனும் கேட்கக்கூடியவை. இவற்றைக் கேட்பதற்கென்றே விஞ்ஞானிகளுக்குச் சங்கங்கள் இருக்கின்றன. இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1944ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் உண்டு. ஆண்டுதோறும் அமர்வுகள் நடக்கின்றன, கட்டுரைகள் வாசிக்கப்படுகின்றன. மாத்தளையின் இரண்டு காலக் கணிப்புகளும் அத்தகையதொரு மேடையில், இரு தரப்பாரின் அளவைகளும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி, எதிரெதிரே வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த விவாதத்தில் சோமதேவ தோற்றிருந்தாலும் அது விஞ்ஞானத்தின் தோல்வி ஆகியிராது. ஜனாதிபதி தெரிந்தெடுத்த ஆணைக்குழுவின் அறைக்குள் விடயம் முடிந்ததே, அதுதான் தோல்வி.

2023இல் மனித உரிமை அமைப்புகள் சில கூட்டாக வெளியிட்ட அறிக்கையொன்று இலங்கையின் புதைகுழி விசாரணைகளைத் தொகுத்துக் காட்டிற்று. நீதவான்களும் தடயவியல் நிபுணர்களும் விசாரணை நடுவே திடீரென இடமாற்றப்பட்டதை அது எடுத்துரைத்தது. இடமாற்றக் கட்டளை ஒரு தனி மனிதனின் பெயருக்கே வருகிறது. அதைப் பெறுபவன் அரசாங்க உத்தியோகத்தன்; பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் வீட்டு வாடகையையும் எண்ணிப் பார்க்க வேண்டியவன். அவனைத் தனியே நிற்கவிட்டு, அவனது துணிவை மேடையில் போற்றுவதால் பயனில்லை.

ஆர்ஜென்டினாவில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். அங்கு இராணுவ ஆட்சி 1983இல் வீழ்ந்தது; காணாமற்போன ஆயிரக்கணக்கானோரின் எலும்புகள் பெயரற்ற குழிகளில் கிடந்தன. 1984இல் பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமாரும் உண்மையறியும் ஆணைக்குழுவும் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அமெரிக்க விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் ஒரு நிபுணர் குழுவை அனுப்பிற்று. அக்குழுவில் வந்தவர் கிளைட் ஸ்னோ என்ற எலும்பியல் அறிஞர். அவருக்குக் கைகொடுக்க அந்நாட்டின் மூத்த அறிஞர்கள் தயங்கினர். முன்வந்தவர்கள் தொல்லியலும் மானிடவியலும் மருத்துவமும் பயின்ற மாணவர்கள். குழிக்குள் இறங்கி அவர்கள் கற்றதே பின்பு ஆர்ஜென்டினத் தடயவியல் மானிடவியற் குழுவாக வளர்ந்தது. 1985இல் இராணுவத் தலைவர்கள் மீது நடந்த வழக்கில் ஸ்னோ சாட்சியமளித்தார். 1997இல் பொலிவியாவில் சே குவேராவின் எலும்புகளை அடையாளங்காணும் பணியிலும் அக்குழுவினர் பங்குகொண்டனர். பெயரில் நமது சங்கத்துக்கும் அந்தச் சங்கத்துக்கும் ஒரு சொல்லே வேறுபாடு. வேறுபாடு அந்த ஒரு சொல்லில் இல்லை என்பதை வாசகர் அறிவர்.

நமது அறிஞர்களால் இது முடியாதென்று சொல்லிவிடுவதற்கும் இல்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடைசெய்யப்பட்டபோது, இலங்கை விவசாயப் பொருளியலாளர் சங்கம் தன் பெயரிலேயே பேசிற்று. நெல் விளைச்சல் 25 சதவீதமும் தேயிலை 35 சதவீதமும் தெங்கு 30 சதவீதமும் குறையலாம் என்று கணக்கிட்டுக் கூறிற்று. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர், மாத்தளையின் பழைய இணைப்பதிகாரியே. கணக்கைச் சொன்னது சங்கமாகையால் ஒரு மனிதனை அகற்றி அதை அழிக்க முடியவில்லை. ஆனால், தடையை வெளிப்படையாக விமர்சித்த பேராதனைப் பேராசிரியர் புத்தி மாரம்பே விவசாய அமைச்சில் வகித்த பதவிகளிலிருந்து நீக்கப்பட்டார். சீனக் கம்பெனியின் சேதனப் பசளையில் கேடுசெய்யும் பக்டீரியா இருப்பதாக அறிக்கையிட்ட தாவரத் தனிமைப்படுத்தல் சேவையின் அதிகாரி ஒருவரிடம் அக்கம்பெனி 80 இலட்சம் டொலர் நட்டஈடு கோரிற்று. ஓர் உத்தியோகத்தரின் தலைமேல் 80 இலட்சம் டொலர்! நவம்பரில் அரசாங்கம் தடையைத் தளர்த்திய வேளையில், தம்புள்ளையிலும் கலேவெலையிலும் பயிர் செய்தவர்கள் ஒரு போகத்தைக் கடனோடு எதிர்நோக்கி நின்றனர். சங்கம் உண்மையைக் காத்தது; உண்மை சொன்னவரைக் காக்கும் வேலை பாதியிலேயே நின்றது. பெரும்போக வயலில் இறங்கிய விவசாயிக்கும், பசளையின்றி வெளிறிய கொழுந்தைப் பறித்த ரத்தோட்டைத் தோட்டப் பெண்ணுக்கும் அந்தச் சதவீதங்களை அவர்களுடைய மொழியில் எடுத்துச் சொல்லியிருந்தால், மாரம்பேயின் பின்னால் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்!

இடதுசாரிகளாகிய நாம் இதையெல்லாம் சொல்லும்போது நமது வீட்டுக் கதையையும் மறைக்கலாகாது. நிக்கொலாய் வவிலோவ் 1943இல் சரத்தோவ் சிறையில் மாண்டார். 1948இல் மொஸ்கோவில் கூடிய சோவியத் விவசாய விஞ்ஞானக் கழகமே மரபியலைத் தீயதென்று தீர்மானித்தது. அங்கே அறிஞரைக் காக்க வேண்டிய மண்டபமே அவருக்குத் தண்டனை வாசித்த மண்டபமாயிற்று. அன்று அதைக் கைதட்டி வரவேற்ற முற்போக்குப் பத்திரிகைகள் நமது மொழியிலும் இல்லாமற்போகவில்லை என்றே அஞ்சுகிறோம்.

மாத்தளைக்குப் பின் மன்னார். அங்கே 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். 2019இல் அதே புளோரிடா ஆய்வுகூடம் ஆறு மாதிரிகளைச் சோதித்து, 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது. ஆறு மாதிரிகளைக் கொண்டு முந்நூறு பேரின் காலத்தையும் முடித்துவிடலாமா என்று தாய்மார் கேட்டனர். 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அங்கும் மண்ணில் முழந்தாளிட்டிருந்தவர் அதே ராஜ் சோமதேவ. சிங்களத் தாய்மாருக்காக மாத்தளையில் ஆண்டுக் கணக்குச் சொன்ன அம்மனிதர், தமிழ்த் தாய்மாரின் கண்ணெதிரே செம்மணியில் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். செம்மணியின் மாதிரிகளும் ஏதோவோர் ஆய்வுகூடத்துக்குப் போகும். ஒரு நாள் எண்கள் திரும்பி வரும். அவை யார் கைக்கு முதலில் வந்து சேரும், எந்த மண்டபத்தில் யார் முன்னிலையில் விரித்து வாசிக்கப்படும் என்பதை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் அடுத்த ஆண்டு அமர்வில் எழுந்து நின்று கேட்குமாறு, அதில் அங்கம் வகிக்கும் ஆசிரிய நண்பர்களை வேண்டுகிறோம்.