தளவிளைவா, முனைவாக்கமா? கெர் விளைவை எழுதும் தமிழ்

"முனைவாக்கப்பட்ட ஒளியால் காந்தத்தை அளக்கலாம்." அறிவியல் விளக்கக் கட்டுரைகளில் மாணவர்கள் இப்படி எழுதுவது உண்டு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலில் பொருளைப் பார்ப்போம். காந்தமாக்கிய பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத்தளம் சற்றுத் திரும்புகிறது என்று ஜான் கெர் 1877இல் எழுதினார். திருப்பம் பெரும்பாலும் ஒரு பாகைக்கும் குறைவு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அடெகுன்லே அடெயேயே குழுவினர், நிக்கலும் இரும்பும் கலந்த பெர்மல்லாய் மென்படலங்களில் நானோ கம்பிகளை உருவாக்கி இம்முறையில் ஆராய்ந்தார்கள். கம்பியின் நீளவாக்கில் காந்தப்புலம் கொடுத்தால் வரைபடம் சதுரம்போல வரும்; குறுக்கே கொடுத்தால் சாய்ந்துவிடும். பொருள் ஒன்றுதான், வடிவம் மாற்றுகிறது.

இனி சொல்லுக்கு வருவோம். ஒளிக்கு ஏது முனை? காந்தப் பாடத்தில் ஏற்கெனவே வடமுனை, தென்முனை இருக்கும்போது "முனைவாக்கம்" என்றால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் "தளவிளைவு" இதைவிடத் தெளிவு. ஆனால் அதிலும் குறை உண்டு. திரும்பி வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதில்லை, மெலிந்த நீள்வட்டமாக அதிர்கிறது. "நீள்வட்டத் தளவிளைவு" என்றால் சொல்லே தன்னை மறுக்கிறது. அப்போ என்ன செய்றது? உள்ளே போகும் ஒளிக்குத் தளவிளைவு, வெளியே வருவதற்கு "நீள்வட்டமாக அதிரும் ஒளி" என்று விரித்தே எழுதலாம்.

பாராட்ட வேண்டிய சொல் "தயக்கம்". புலத்தை எடுத்த பிறகும் காந்தமாக்கம் உடனே விட்டுப் போவதில்லை. தயக்கக் கண்ணி என்றதும் படமே மனத்தில் வந்துவிடுகிறது.

இரண்டாவது சிக்கல் "அளக்கலாம்". கெர் கருவி நேரடியாக அளப்பது ஒளிச்செறிவின் மாற்றத்தை. அது காந்தமாக்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும், அதன் முழு மதிப்பைத் தராது. ஆனால் காந்த நீக்குத்திறனைக் கிடையச்சில் அப்படியே வாசிக்கலாம். உலோகத்தில் ஒளி சில பத்து நானோமீட்டர் ஆழம்தான் போகும். லேசர் புள்ளி பல கம்பிகளை ஒருசேர மூடுவதால், கிடைப்பது சராசரியே.

வகுப்பில் காட்ட ஒரு வழி: தேக்காவில் போலராய்டு கண்ணாடி ஒன்று வாங்கி, கைப்பேசித் திரைக்கு முன்னால் மெல்லத் திருப்புங்கள். பல திரைகள் ஒரு கோணத்தில் இருண்டுபோகும். கெர் கருவியும் அந்த இருட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் சிறு திருப்பத்தைக் கண்டுபிடிக்கிறது.

மாணவர்களே, முதல் வாக்கியத்தை இப்படித் திருத்துங்கள்: "தளவிளைவுற்ற ஒளி காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும்போது அடையும் மாற்றத்தைக் கொண்டு, காந்தமாக்கம் புலத்தோடு எப்படி மாறுகிறது என்று அறியலாம்." நீளம்தான், ஆனால் எது அளக்கப்படுகிறது, எது அறியப்படுகிறது என்ற வேறுபாடு அதில் இருக்கிறது.