நீண்ட பாட்டைத் தாங்குபவர் டிரம்மர்

பத்து நிமிடத்தைத் தாண்டும் பாட்டில் கிதார்காரர் எவ்வளவு வித்தை காட்டினாலும், கேட்பவரைக் கடைசிவரை உட்கார வைப்பவர் டிரம்மர்தான். அண்மை ஆண்டுகளில் வந்த ப்ரோக்ரெசிவ் ராக், போஸ்ட் மெட்டல் ஆல்பங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

ஸ்வீடனின் ஓப்பெத் குழு 2024 நவம்பரில் வெளியிட்ட 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' பற்றிப் பேசியவர்களில் பெரும்பாலோர் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 2008இல் வந்த 'வாட்டர்ஷெட்'டுக்குப் பிறகு, பாடகர் மிக்கேல் ஓகெர்ஃபெல்ட்டின் அடித்தொண்டை உறுமல் ஆல்பத்துக்குத் திரும்பிவிட்டது! ரசிகர்கள் கொண்டாடியதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த உறுமலைத் தாங்கிப் பிடிப்பவர் பின்லாந்துக்காரரான டிரம்மர் வால்ட்டெரி வாய்ரினென். 2022இல் குழுவில் சேர்ந்த அவருக்கு ஓப்பெத்துடன் இதுதான் முதல் ஸ்டூடியோ ஆல்பம்.

ஆல்பத்தின் கதை நடப்பது முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில். செல்வந்தர் ஒருவரின் உயிலைக் கேட்கக் குடும்பம் கூடியிருக்கிறது. எட்டுப் பாட்டுகளில் கடைசியைத் தவிர எதற்கும் பெயரில்லை. உயிலின் பத்தி எண்கள் மட்டுமே. ஒவ்வொரு பத்தியிலும் குடும்ப ரகசியம் அவிழ, தாளமும் நினைத்த இடத்தில் நிற்காமல் திசை மாறுகிறது. உறுமல் வரும் இடங்களில் வாய்ரினெனின் கால் அழுத்தமாக இறங்குகிறது. ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் கதை சொல்லவும் புல்லாங்குழல் ஊதவும் வரும்போது, கை ஜாஸ் கலைஞருடையதைப் போல இலேசாகிவிடுகிறது. உறுமல் திரும்பிவிட்டதே என்று இரட்டை பாஸ் டிரம்மைக் கொட்டித் தீர்த்திருந்தால், இது பழைய ஓப்பெத்தின் மறுபதிப்பாக முடிந்திருக்கும்.

ட்ரீம் தியேட்டர் குழுவின் 'பாராசோம்னியா' (2025) எனக்கு அந்த அளவு நிறைவு தரவில்லை. 2010இல் விலகிய டிரம்மர் மைக் போர்ட்னாய் 2023இல் திரும்பியபின் வந்த முதல் ஆல்பம். தாளக் கணக்கில் பிசகே இல்லை. கூடி வாசிக்கும் உற்சாகமும் தெரிகிறது. ஆனால் கிடைத்த இடைவெளியையெல்லாம் நிரப்பிவிடுகிறார்கள். கடைசிப் பாட்டான 'தி ஷேடோ மேன் இன்சிடென்ட்' பத்தொன்பது நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அதில் மூச்சுவிட இன்னும் இடம் வேண்டும்.

அந்த மூச்சை அறிந்தவர்கள் ஸ்வீடனின் வடக்கே உமியோ நகரத்தின் கல்ட் ஆஃப் லூனா குழுவினர். 2022இல் வந்த 'தி லாங் ரோட் நார்த்' ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் ஆல்பம். டிரம்மர் தாமஸ் ஹெட்லுண்ட், ஃபீனிக்ஸ் என்ற பிரெஞ்சு பாப் குழுவின் மேடைகளிலும் வாசிப்பவர். பாப் பாட்டில் ஓரடிகூடக் கூடுதலாகப் போட முடியாது; அந்தக் கட்டுப்பாடு இங்கேயும் தெரிகிறது. 'ஆன் ஆஃபரிங் டு தி வைல்ட்' பாட்டில் கிதார்கள் அடுக்கடுக்காக ஏறும்போதும் அவர் வேகத்தைக் கூட்டுவதில்லை. புதுப் பந்தில் வெளியே போவதையெல்லாம் விட்டுவிடும் டெஸ்ட் தொடக்க ஆட்டக்காரரின் பொறுமை அது. அதனால்தான் முழுக்குழுவும் சேர்ந்து இறங்கும்போது நெஞ்சில் அந்த எடை தெரிகிறது. சத்தத்தை மட்டும் கூட்டிவைத்தால் அது வராது.

ஸ்டீவன் வில்சனின் 'தி ஓவர்வியூ' (2025) வேறு வகை. இரண்டே பாட்டுகள், சுமார் 42 நிமிடம், விண்வெளியிலிருந்து பூமியைப் பார்க்கும் அனுபவம். அதில் என்னை இழுத்தது தாளமல்ல, முதல் பாட்டின் முடிவில் வரும் ரேண்டி மெக்ஸ்டைனின் கிதார்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ஓப்பெத். போஸ்ட் மெட்டலுக்குப் புதியவர்கள் கல்ட் ஆஃப் லூனாவில் தொடங்கலாம். எதைக் கேட்டாலும் முதல் முறை கிதாரை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். பாட்டைப் பாதியில் தாண்டிவிடாதீர்கள்.