டோர்சே மக்களின் மூங்கில் வீடு: ஒரு மதிப்பீடு

மூங்கிலை ஆபிரிக்காவிற்குப் புதியதொரு கட்டடப்பொருளாக எடுத்துரைப்போர், அங்கு மூங்கிற் கட்டடக்கலை ஏலவே வேரூன்றி நிற்பதை மனங்கொள்வதில்லை. தென் எதியோப்பியாவின் செஞ்ச மலைப்பகுதியில் வாழும் டோர்சே மக்களின் வீடுகள் இதற்குத் தக்க சான்றாகும். பிளந்த மூங்கிலைக் கூடைபோலப் பின்னி, பொய்வாழை எனப்படும் என்செற் தாவரத்தின் மடல்களை மேலே வேய்ந்து, 12 மீற்றர் உயரம்வரை இவற்றை எழுப்புவர். முன்தள்ளிய வாயில் யானை முகத்தை நினைவூட்டும்.

மூங்கிலின் மாச்சத்தை நாடி வண்டு வரும்; மண்ணிலிருந்து கறையான் ஏறும். டோர்சே கைவினைஞர் இவ்வழிவை மறுக்கவில்லை. அதனையும் கணக்கிற் கொண்டே கட்டினர். அரிக்கப்பட்ட அடிப்பகுதியை வெட்டி நீக்க, வீடு காலப்போக்கிற் சிறிது சிறிதாகக் குறுகும். ஆயினும் பல தசாப்தங்கள் நிலைக்கும். தொடக்கத்தில் அத்துணை உயரம் எதற்கு என்பது இங்குதான் புலனாகிறது. வேண்டின் முழு வீட்டையும் பலர் கூடித் தூக்கிச் சென்று வேறிடத்தில் நிறுத்தலாம். (கொங்கிறீற் வீட்டுக்கு இப்பேறு வாய்க்காது!)

இதனை இலட்சியமயமாக்குதலும் பொருந்தாது. உள்ளே அடுப்புப் புகை சூழும். நெருக்கமான நகரத்துக்கு இவ்வடிவம் ஒவ்வாது. ஆனால், மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மூங்கில் முற்றிவிடும் என்பதை மட்டுங் காட்டி அதனை நிலைபேறான பொருளென்று புகழும் வாதம் இதனினும் பலவீனமானது. போரன் உப்புக்களாற் பதப்படுத்தலும், ஈரம் ஏறாத கல் அடித்தளமும், மழையைத் தடுக்கும் நீண்ட இறவாரமும் இன்றேல் புதிய மூங்கிற் கட்டடம் சில ஆண்டுகளிலேயே உக்கிவிடும். அச்செலவை ஏற்கவேண்டியவன் யார் என்ற வினாவை அவ்வாதம் எழுப்புவதேயில்லை. செஞ்சவின் உழவன் அதற்குக் கத்தியொன்றைக் கொண்டே விடை கண்டிருந்தான்.