நோயாளியின் கூற்றும் கேட்போரும்: செஸ்ட்நட் லாட்ஜ் சார்ந்த இரு பனுவல்கள்

உளநோய்க்கு ஆட்பட்டவரின் சொல் எவ்விடத்தில் சான்றாகிறது, எவ்விடத்தில் நோய்க்குறியாகிறது என்பது மருத்துவத்திற்கு மட்டுமே உரிய வினா அன்று. கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றைச் செய்யுளுறுப்புகளாகக் கொள்ளும் தொல்காப்பியச் செய்யுளியலில் பயின்றோர்க்கு அஃது இலக்கிய வினாவாகவும் படும். கேட்போர் மாறுங்கால் கூற்றின் பொருளும் மாறுகிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்து ராக்வில் நகரில் இயங்கி 2001இல் மூடப்பட்ட செஸ்ட்நட் லாட்ஜ் மனநல மருத்துவமனையின் நோயாளிகள் இருவர் தம் அனுபவத்தைப் பொதுவெளியில் வைத்தனர். ஒருவர் புதினம் எழுதினார். மற்றவர் வழக்குத் தொடுத்தார்.

ஜோன் கிரீன்பர்க், ஹன்னா கிரீன் என்னும் புனைபெயரில் 1964இல் வெளியிட்ட ‘ஐ நெவர் பிராமிஸ்ட் யூ எ ரோஸ் கார்டன்’ புதினத்தின் தலைவி டெபோரா பதினாறு வயதினள். அவளுக்கு மருத்துவம் செய்யும் டாக்டர் ஃப்ரீட், கிரீன்பர்க்கின் மருத்துவரான ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மனின் சாயலில் அமைந்தவர். கேட்டலே மருந்தாகிறது என்பது கதையின் சாரம். எனினும் புதினத்தின் வலிமை அதில் இல்லை; மருத்துவருக்கும் ஒரு மனம் உண்டெனக் காட்டியதில்தான் உள்ளது.

ரஃபேல் ஓஷெரோஃபின் கூற்றுக்கு அத்தகைய கேட்போர் வாய்க்கவில்லை. தாமே சிறுநீரக மருத்துவரான அவர், 1979 ஜனவரியில் கடும் மனச்சோர்வுடன் அம்மருத்துவமனையில் சேர்ந்தார். ஏறத்தாழ ஏழு மாதம் பேச்சுவழி உளமருத்துவம் மட்டுமே அளிக்கப்பட்டது. எடை 40 பவுண்டு குறைந்தது. ஓயாது நடந்து நடந்து பாதங்கள் கொப்புளித்தன. மருந்து வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை; மருந்து பேச்சு மருத்துவத்திற்குத் தடையாகும் என்பது மருத்துவக் குழுவின் கருத்து. தன்மோக ஆளுமைக் கோளாறு உடையவர் என்று முடிவு செய்யப்பட்டபின், அவருடைய முறையீடும் அக்கோளாற்றின் வெளிப்பாடாகவே ஒலித்திருக்கும் எனக் கருத இடமுண்டு. பின்னர் கனெக்டிகட் மாநிலத்துச் சில்வர் ஹில் மருத்துவமனையில் மருந்து தரப்பட்டது. சில வாரங்களில் தேறினார்; மூன்று மாதங்களில் வீடு திரும்பினார்.

1982இல் அவர் தொடுத்த வழக்கில் அதே முறையீடு சான்றாயிற்று. ஆனால் சட்டத்தின் செவி இழப்பை மட்டுமே கேட்கும். தொழில் போயிற்று, பொருள் போயிற்று, பிள்ளைகள் பிரிந்தனர் என்று எண்ணிக் காட்டத்தக்கவையே வழக்குரையில் இடம்பெற முடியும். அங்கு மருத்துவருக்கு மனம் இல்லை. தவறு மட்டுமே உண்டு. நடுவர் குழு ஓஷெரோஃபின் பக்கம் நின்றது. இருதரப்பும் மேல்முறையீடு செய்தன. 1987இல் உடன்பாட்டில் முடிந்தது. ஆகவே முன்மாதிரியாகக் கொள்ளத்தக்க நீதிமன்றத் தீர்ப்பு என ஒன்று இவ்வழக்கில் இல்லை. இருந்தும் 1990இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி’ இதழில் ஜெரால்ட் கிளெர்மன், ஆய்வுச் சான்றுள்ள மருத்துவத்தைப் பெறும் உரிமை நோயாளிக்கு உண்டென இவ்வழக்கை முன்வைத்து வாதிட்டார். ஆலன் ஸ்டோன் மறுத்தெழுதினார். விவாதம் கூர்மையானது, பயனுள்ளதும்கூட. ஆயினும் அதில் ஓஷெரோஃப் எடுத்துக்காட்டாகச் சுருங்கிவிடுகிறார். மருந்து வென்றது, பேச்சு தோற்றது என்று இவ்வழக்கை வாசிப்போர் அச்சுருக்கத்தையே தொடர்கின்றனர்.

ரேச்சல் அவிவ் 2022இல் வெளியிட்ட ‘ஸ்டிரேஞ்சர்ஸ் டு அவர்செல்வ்ஸ்’ நூல் அவரை மீட்க முயல்கிறது. ஓஷெரோஃப் பல்லாண்டுகள் திருத்தித் திருத்தி எழுதியும் நூலாக வெளிவராத தன்வரலாற்றை அவிவ் பயன்படுத்துகிறார். மருந்தால் தேறியவர் அதன்பின்னும் தம் கதையை முடிக்க இயலாது மீண்டும் மீண்டும் எழுதினார் என்பது வழக்குரையில் இடம்பெற இயலாத செய்தி. எனினும் இங்கும் அவர் பிறர் வாயிலாகவே பேசுகிறார், தேர்வு அவிவுடையது. அதே நூலின் மற்றோர் இயல், மனநோயாளி என்று கருதப்பட்ட சென்னைப் பெண் ஒருவர் தமிழில் எழுதிய நாட்குறிப்புகளை ஆங்கில வாசகரிடம் சேர்க்கிறது. கண்ணன்மீது பக்தி கொண்ட அவருடைய கூற்றுக்கு நீதிமன்றமும் மருத்துவரும் கேட்போர் அல்லர். அந்நாட்குறிப்புகளின் தமிழ் நடையைத் தமிழ்த் துறையினர் இன்னும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டியுள்ளது.