நடுகல்லும் நிழற்படமும்: சங்கப் பாடல்களில் நினைவின் எல்லைகள்

நடுகல் பற்றிய ஆய்வு தமிழில் பெரும்பாலும் கல்வெட்டாய்வின் துணையாகவே வளர்ந்து வந்துள்ளது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலும், எஸ். செட்டர், குந்தர் சொந்தைமர் ஆகியோர் பதிப்பித்து 1982-இல் வெளிவந்த நினைவுக் கற்கள் பற்றிய ஆங்கிலத் தொகுப்பும் இத்துறைக்கு உறுதியான அடித்தளம் இட்டன. ஆயினும் இவ்வளர்ச்சியில் இலக்கியத்திற்குக் கிடைத்த இடம் சான்று கூறும் இடம் மட்டுமே. சங்க காலத்தில் நடுகல் வழக்கம் இருந்தது, அதற்குப் பீலி சூட்டினர், கள் படைத்தனர், பெயர் பொறித்தனர் என்று காட்டுவதற்குப் புறநானூற்றிலிருந்தும் அகநானூற்றிலிருந்தும் அடிகள் எடுத்துக்காட்டப்படுகின்றன. அத்துடன் பாட்டின் வேலை முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. அப்பாடல்கள் நடுகல்லைப் பற்றி என்ன கருதின என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. இறந்தவனை ஒரு கல் தாங்க இயலுமா என்னும் ஐயத்தைச் சங்கப் புலவர்கள் வெளிப்படையாகவே எழுப்பியுள்ளனர். வீரவணக்கத்தின் சான்றுகள் எனத் தொகுக்கப்படும் பாடல்களுள் சில, உண்மையில் அவ்வணக்கத்தின் போதாமையைப் பேசுகின்றன.

தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு துறைகளை வகுக்கிறது. இவ்வாறும் செயல்கள் என்பது கருதத்தக்கது. கல்லைத் தேர்ந்து காண்பதும், கொண்டு வருவதும், நீராட்டுவதும், நடுவதும், படைப்பதும், வாழ்த்துவதும் மனிதர் கூடிச் செய்யும் வினைகள். கல் என்னும் பொருள் இவ்வினைகளுக்கு நடுவே நிற்கும் ஒரு நிலைக்களம் மட்டுமே. வினை நின்றுவிட்டால் எஞ்சுவது வெறுங்கல் என்பது இவ்வகைப்பாட்டிலேயே அடங்கியுள்ளது. சிலப்பதிகார வஞ்சிக்காண்டம் இத்துறைப் பெயர்களையே காதைப் பெயர்களாகக் கொண்டு அமைந்திருப்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அங்கே இறந்த இடத்திற்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பு அறுந்து, இமயத்தில் எடுத்துக் கங்கையில் நீராட்டிய கல் சேர நாட்டில் நிலைபெறுகிறது. ஓர் ஊரின் நினைவு ஓர் அரசின் நினைவாக மாறும் அம்மாற்றம் தனியே ஆராயத்தக்கது.

பெயருக்கும் உருவத்திற்கும் உள்ள உறவு இங்கு முதன்மையானது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த மூன்று தமிழ்-பிராமி நடுகற்களில் எழுத்து உண்டு. வீரனின் உருவம் இல்லை. அவற்றுள் ஒன்று ஆகோளைச் சொல்கிறது. இறந்தவனின் பெயரையும் ஊரையும் சொல்கிறது. சங்கப் பாடல்களிலும் நிலை இதுவே. நோய்பாடியாரின் அகநானூற்றுப் பாடல் (67) வீரரின் பெயரும் பெருமையும் எழுதப்பட்டதைக் கூறுகிறது. உறையூர் இளம்பொன் வாணிகனாரின் புறப்பாடலும் (264) பெயர் பொறிக்கப்பட்டதைக் கூறுகிறது. இரண்டும் முகத்தைப் பற்றிப் பேசவில்லை. பல்லவர் காலத்துச் செங்கம் பகுதிக் கற்களில் உருவம் வந்துவிடுகிறது. எனினும் அவ்வுருவம் ஒரு மரபு வடிவம். ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது குறுவாள், முன்னோக்கிப் பாயும் கால்கள் என ஒருவனுடைய கல்லை மற்றொருவனுடைய கல்லிலிருந்து பிரித்தறிய இயலாத அளவுக்கு அவை ஒத்துள்ளன. இன்னார் என்று சொல்வது வட்டெழுத்து வரிகளே. ஆகவே நடுகல்லில் ஆள் இருப்பது பெயரில். உருவம் அவன் எவ்வகையினன் என்பதை மட்டும் காட்டும்.

1839-இல் பாரிசில் அறிவிக்கப்பட்ட ஒளிப்படக் கலை இவ்வுறவைத் தலைகீழாக்கியது. நிழற்படத்தில் முகம் ஐயத்திற்கு இடமின்றி ஒருவருடையது. அம்முகத்தை உடையவர் வேறொருவர் இலர். ஆனால் படத்திற்குள் பெயர் இல்லை. பெயர் பார்ப்பவரின் மனத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் நடுக்கூடத்துச் சுவரில் மாலையிட்டு, பொட்டிட்டு, சிறு விளக்கெரித்து வைக்கப்படும் படங்கள் இக்காலத்து நடுகற்கள் என்று எளிதாகக் கூறிவிடலாம்; சடங்கின் ஒப்புமையும் வெளிப்படை. ஆனால் அழியும் முறையில் இரண்டும் வேறுபடுகின்றன. கல்லில் எழுத்துத் தேய்ந்தால் பெயர் போய், பொது வீரன் ஒருவன் எஞ்சுகிறான். படத்தில் அறிந்தவர் மறைந்தால் பெயர் போய், தனி முகம் ஒன்று யாருடையது என்று அறியப்படாமல் எஞ்சுகிறது. பழைய குழுப்படங்களில் இரண்டாம் வரிசையில் நிற்கும் பெண்ணை, இவர் பாட்டியின் தங்கையோ சிறிய தாயாரோ என்று பேரப்பிள்ளைகள் ஊகித்து நிற்பது இதன் விளைவு. பின்னையது கொடிய மறதி. முகம் இருந்தும் ஆள் இல்லாமற் போவது நடுகல் அறியாத ஒரு நிலை.

இனி, புறப்பாடல்களுக்கு வருவோர் முதலில் கருத வேண்டியது பொத்தியாரை. மக்களொடு மாறுபட்டு வடக்கிருந்து உயிர்துறந்த கோப்பெருஞ்சோழனின் நடுகல்லைக் கண்டு அவர் பாடிய மூன்று பாடல்கள் (221, 222, 223) ஒரு தொடராக அமைந்துள்ளன. முதற்பாடல் அரசனின் பண்புகளை அடுக்கி, அத்தகையவன் நடுகல்லாயினான் என்று கூறிக் கூற்றுவனை வைய வருமாறு புலவரை அழைக்கிறது. இது பொதுவான கையறுநிலை. இரண்டாவது பாடலில் குரல் மாறுகிறது. மனைவி கருவுற்றிருந்தமையால், புதல்வன் பிறந்த பின் வா என்று அரசன் அனுப்பி வைத்ததும், அதன்படி இப்போது வந்து நிற்பதும் கூறப்பட்டு, தமக்குரிய இடம் எது என்று கல்லிடம் கேட்கப்படுகிறது. நினைவுச்சின்னம் இங்கே பழம்பொருள் அன்று. முடிவுறாத ஓர் உரையாடலின் மறுபுறம். மூன்றாவதில், நடுகல்லாகிய பின்னும் அவன் இடம் அளித்தான் என்று பொத்தியார் கூறுகிறார். கல் எவ்வாறு விடை கூறிற்று என்று பாடல் விளக்கவில்லை. பழைய நட்பின் உரிமையே விடையாகிறது. கல்லின்மீது இத்துணை நம்பிக்கை வைத்த பாடல்கள் தொகுப்பில் மிகச் சிலவே. அந்நம்பிக்கை, கல்லருகே தாமும் உயிர்துறக்க வந்த ஒருவருக்கே கைகூடியது என்பதையும் மறக்கலாகாது.

ஔவையார் அதியமானுக்குப் பாடிய கையறுநிலை (232) இதற்கு நேர்மாறானது. காலையும் மாலையும் இல்லாமற் போகட்டும், தம் வாழ்நாளும் இல்லாமற் போகட்டும் என்று தொடங்கும் அவர், நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் வடித்த கள்ளை அளிப்பதைக் காண்கிறார். உயர்ந்த மலைகளையுடைய நாட்டை முழுதும் கொடுத்தாலும் கொள்ளாதவன் இதனைக் கொள்வானோ என்று கேட்கிறார். இப்பாடல் நடுகற் படையலுக்கான சான்றாகப் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. சான்றுதான், ஆனால் மறுப்புச் சான்று. படையலின் சிறுமையும் வாழ்ந்தவனின் பெருமையும் ஒரே வினாவில் மோதவிடப்படுகின்றன. சிறு கலம் என்னும் அளவே பாட்டின் துயரத்தைத் தாங்குகிறது. உயிரோடு இருந்தபோது கொடுப்பவனாக இருந்தவன் இப்போது பெறுபவனாக வைக்கப்படுகிறான். அவனை அறிந்தவரால் அம்மாற்றத்தை ஏற்க இயலவில்லை. மாலையிட்ட படத்தின் முன் இறந்தவர் விரும்பி உண்ட பண்டத்தைச் சிறு தட்டில் வைக்கும் வீடுகளில், அருகில் நிற்பவர் ஒருவர் மனத்திலேனும் இவ்வினா எழாமல் இராது.

இளம்பொன் வாணிகனார் எழுப்பும் ஐயம் வேறு. பரற்கற்கள் நிறைந்த இடத்தில், மரல் நாரில் தொடுத்த சிவந்த பூங்கண்ணியும் பீலியும் சூட்டிப் பெயர் பொறித்துக் கல் நடப்பட்டுவிட்டது. சடங்கில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவனிடம் பரிசில் பெற்று வந்த பாணரின் சுற்றம் இதனை அறியாது இன்னும் வருமோ என்று பாடல் கேட்கிறது. அப்பாணர் கல்லைக் காணும் வரை அவர்களைப் பொறுத்தவரையில் அவன் இறக்கவில்லை. ஒருவன் இறப்பு ஒரே நாளில் நிகழ்ந்து முடிவதன்று; அறிந்தவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே நிகழ்கிறது என்னும் நுண்மை இதில் அடங்கியுள்ளது. வீர வழிபாட்டின் வரலாறு என்னும் சட்டகத்துள் வைத்து மட்டும் படிக்கும்போது இப்பாடலில் மரலும் பீலியும் குறிப்பெடுக்கப்படுகின்றன; பாணர் விடுபட்டுப்போகின்றனர்.

புறப்பாடல்களில் கல்லின் முன் நிற்பவர் இறந்தவனை அறிந்தவர். அகப்பாடல்களின் பாலை நிலத்தில் நிற்பவரோ அறியாதவர். ஆறு செல்லும் வம்பலருக்கு நடுகல் ஒரு வழிக்குறி, பெரும்பாலும் அச்சந்தரும் குறி. நோய்பாடியார் பாடலில் கல்லருகே ஊன்றிய வேலும் சார்த்திய பலகையும் பகைவர் முனையைப் போலத் தோன்றுகின்றன. ஐங்குறுநூற்றில் (352) எழுத்துடைய நடுகல், யானையின் சொரசொரப்பான பெருங்கைக்கு உவமையாகிவிடுகிறது. எவனோ ஒருவனின் பெயர், தொடுகையில் உணரும் முரட்டுத்தன்மையாக மட்டும் எஞ்சுகிறது.

இவ்வகையில் மதுரை மருதன் இளநாகனாரின் இரு பாடல்கள் தனிக்கவனத்திற்குரியன. ஒன்றில் (அகம். 297) அம்புகளைத் தீட்டித் தீட்டிக் கல்லின் பக்கம் தேய்ந்துவிட்டது, எழுத்துக்கள் தொடர்ச்சியாகப் படிக்க இயலாதவாறு ஆகிவிட்டமையால் தளர்ந்து செல்லும் வழிப்போக்கர் அதனை விட்டுக் கடக்கின்றனர். மற்றொன்றில் (அகம். 343) உமணரின் வண்டிச் சக்கரம் மோதிக் கல்லின் தலை சிதைந்துள்ளது; கண்ணி வாடியிருக்கிறது; நீராட்டுவார் இல்லை; கூரிய உளியால் வெட்டிய எழுத்துக்களின் கோடுகள் மறைந்தமையால் படிப்பவருக்கு வேறு பொருள் தருகிறது. படிக்க இயலாமை ஒன்று, தவறாகப் படித்தல் மற்றொன்று. மறதியின் இருவகையையும் ஒரே புலவர் பிரித்தறிந்திருக்கிறார். கல்லை அழிப்பவர் பகைவர் அல்லர் என்பதும் நோக்கத்தக்கது. அம்பு தீட்டுவோரும் உப்பு வணிகரும் தத்தம் அன்றாட வேலையைச் செய்கின்றனர். அவ்வேலையிலேயே நினைவு தேய்கிறது.

இவ்வருணனைகள் வருவது எங்கே என்று பார்க்கும்போது பாடல்களின் ஆழம் புலப்படும். இரண்டிலும் பேசுபவன் பொருள்வயிற் பிரிந்து சுரத்தில் நிற்கும் தலைவன். கேட்பது அவன் நெஞ்சு. தொலைவில் விட்டு வந்த தலைவியின் உருவம் அந்நெஞ்சில் சிதையாமல் நிற்கிறது. எதிரே, ஒரு காலத்தில் யாரோ ஒருவனுக்காகப் பலர் கூடி நட்ட கல் படிக்க இயலாததாக நிற்கிறது. உரையாசிரியர் வழிவந்தோர் இதனைச் சுரத்தின் கொடுமை கூறும் கருப்பொருள் விளக்கமாகக் கொள்வர். அது பொருந்தும்; எனினும் போதாது. புறத்தே நிறுத்திய நினைவு அழிவதையும் அகத்தே கொண்ட நினைவு வருத்துவதையும் பாடல் அருகருகே வைக்கிறது. ஒன்றை மற்றொன்றுக்கு ஆறுதலாக்கவில்லை.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் 1977-இல் தம் தாயை இழந்தபின் எழுதி 1980-இல் வெளியிட்ட ஒளிப்பட நூல் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. தாயின் படங்களைப் பார்த்துச் சென்ற அவர், ஐந்து வயதுச் சிறுமியாகக் குளிர்காலத் தோட்டத்தில் தாய் நிற்கும் ஒரு பழைய படத்தில் மட்டுமே அவரைக் கண்டறிந்ததாகக் கூறுகிறார். நூலில் வேறு படங்கள் பல உள, அப்படம் இல்லை. பிறருக்கு அது எண்ணற்ற படங்களுள் ஒன்றாகவே தோன்றும் என்பது அவர் கூறும் காரணம். வம்பலர் கையில் அகப்படும் நினைவு நினைவாக இராது என்று இளநாகனார் சுரத்தில் கண்டதைப் பார்த் வேறு வழியில் கண்டு, கல்லை நடாமலே விட்டுவிட்டார் எனலாம். ஆயினும் இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது. பார்த்தின் துயரம் தனியொருவருடையது, நடுகல் ஊருடையது. தனித்துயரத்தை அளவுகோலாக்கிச் சங்கப் பாடல்களை அளப்பது அண்மைக் காலத் திறனாய்வில் காணப்படும் ஒரு பிழை.

நினைக்கப்படுபவர் யார் என்பதிலும் எல்லைகள் உண்டு. நடுகல்லில் பெயர் பெற்றோர் பெரும்பான்மையர் போரிலோ நிரை மீட்பிலோ பட்ட ஆடவர். புறநானூற்றில் அள்ளூர் நன்முல்லையார் பாட்டில் (306) பெண் கல்லைத் தொழுபவளாக வருகிறாள், கல்லாக வருவதில்லை. கன்னட நாட்டு மாஸ்திக்கற்களில் பெண்ணுக்கு இடம் கிடைப்பது கணவனுடன் தீயில் மாய்ந்தமைக்காக. இதனோடு ஒப்பிட, நாய்களுக்குக் கிடைத்த பேறு வியப்பளிக்கும். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர்க் கல், எருமைகளைக் காத்துப் பட்ட கருந்தேவகத்தியுடன் கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லி நினைக்கிறது. ஏறத்தாழ 950-ஐச் சேர்ந்த கருநாடகத்து ஆதகூர்க் கல், காட்டுப்பன்றியுடன் பொருது மாய்ந்த காளி என்னும் நாயின் புகழைத் தாங்குகிறது. வீரம் என்னும் வாயில் வழியாகவே கல்லுக்குள் நுழைய இயலும் என்பதற்கு இவை தக்க சான்றுகள். வீட்டில் மூத்து இயல்பாக இறந்த தாய்க்கு அவ்வாயில் திறக்கவில்லை. நிழற்படமே அவளை முதன்முதலாக உள்ளே விட்டது. அதிலும், படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்னும் அச்சத்தால் வாழ்நாள் முழுதும் படமே எடுத்துக்கொள்ளாத பெண்கள் பலர்.

தருமபுரி, கிருட்டிணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் இன்றும் பல நடுகற்கள் வேடியப்பன் என்னும் பெயரில் வழிபடப்படுகின்றன. கல்லில் பொறித்த பெயரை வழிபடுவோர் அறியார். வட்டெழுத்து அவர்களுக்குப் படிக்க வராது. இளநாகனார் சொன்ன வேறு பொருள் இங்கே தெய்வமாகிவிட்டது. ஆனால் நீராட்டும் மாலையும் படையலும் நிற்கவில்லை. அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட கற்களிலோ பெயர் படிக்கப்பட்டு, ஆண்டு கணிக்கப்பட்டு, விளக்க அட்டையில் எழுதப்பட்டுள்ளது. நீர்ப்படையும் பெரும்படையும் அங்கு இல்லை. தொல்காப்பியம் வகுத்த ஆறனுள் எவை எஞ்சியிருந்தால் ஒன்றை நடுகல் எனலாம் என்னும் வினாவைக் கள ஆய்வாளரும் இலக்கிய ஆய்வாளரும் சேர்ந்தே எடுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. கற்கள் நாள்தோறும் இடம்பெயர்ந்து வரும் நிலையில், எடுக்கப்படும் ஒவ்வொரு கல்லுக்கும் அதன் எழுத்தின் மைப்படியுடன், அதனை யார் எப்பெயரால் அழைத்து என்ன படைத்து வந்தனர் என்னும் குறிப்பும் பதிவாதல் இன்றியமையாதது.